ஆளுக்கொரு மெட்டு

இல்ல டீச்சர், பெட்டி மடியிலயே இருக்கட்டும். மேல வெச்சா எவனாவது அதுக்கு மேல பலாப்பழத்தைத் தூக்கி வெச்சிடுவான். நீங்க தாராளமா உக்காருங்க, எனக்கு ஒரு எடைஞ்சலும் இல்ல. டீச்சர்னு எப்படித் தெரியும்னா கேக்குறீங்க? சிவப்புப் பேனாவோட ரயில் ஏறுறவங்க வேற யாரு. நீங்க பாட்டுக்குத் திருத்துங்க. நான் ஒரு வார்த்தை பேச மாட்டேன். பண்டாரவளையில ஏறினதுல இருந்து வாயத் தொறக்காமத்தானே வர்றேன்.

உள்ள இருக்கிறது டிரம்பெட். கல்யாணத்துக்கும் ஊதுவேன், செத்த வீட்டுக்கும் ஊதுவேன். தைரியநாதன் பேண்ட் செட்னு கேள்விப்பட்டிருப்பீங்களே. இல்லையா. பரவாயில்ல, நீங்க ஹப்புத்தளையில ஏறினவங்க. ஆனா ஹில்சைட் கிளப் ரகர் டீமாவது தெரிஞ்சிருக்கும். அந்த டீமுக்கு உசிர் எதுன்னு எங்க ஊர்ல யாரைக் கேட்டாலும் இந்தப் பெட்டியத்தான் காட்டுவாங்க. நானா சொல்லல, ஊர் சொல்லுது. ஊர்ல சில பேர் வேற மாதிரியும் சொல்றாங்க. அது பொறாமை.

ரகர் பாத்ததில்லையா? ரக்பின்னும் சொல்வாங்க. ஒண்ணும் பெரிய வித்தையில்ல. முப்பது தடியனுங்க சேர்ந்து முட்டை மாதிரி ஒரு பந்துக்கு உருண்டு பொரள்றது. அதுல லைன்அவுட்னு ஒண்ணு இருக்கு. என் கதைக்கு அது மட்டும் வெளங்கினாப் போதும். பந்து கோட்டுக்கு வெளிய போயிடுச்சுன்னு வைங்க. ரெண்டு டீம் ஆளுங்களும் பக்கத்துப் பக்கத்துல ரெண்டு வரிசையா நிப்பாங்க. நம்மாளு ஒருத்தன் கோட்டுக்கு வெளிய நின்னு பந்தை அந்த ரெண்டு வரிசைக்கும் நடுவால எறிவான். நம்ம வரிசையில ஒருத்தன் எகிறணும், மத்தவனுங்க அவனைத் தூக்கிப் புடிக்கணும், அவன் மேல நின்னு பந்தைப் பறிக்கணும். முன்னால நிக்கிறவனுக்கா, நடுவுல நிக்கிறவனுக்கா, கடைசியில நிக்கிறவனுக்கா, யாருக்கு எறியப் போறான்னு நம்ம ஆளுங்களுக்கு மட்டும்தான் தெரியும். எறியிறவன் சைகை காட்டுவான்.

எங்க டீம்ல எறியிறவன் லலித். எங்க வீட்டுக்கு ரெண்டு வீடு தள்ளி இருக்கான், நல்ல பொடியன். அவன் காதைச் சொறிஞ்சா பந்து முன்னால நிக்கிற நிஸாமுக்கு. மூக்கைத் தொடைச்சா நடுவுல நிக்கிற சுரங்கவுக்கு. கால்சட்டைய மேல இழுத்துவிட்டா கடைசியில நிக்கிற ஜெரோமுக்கு. இந்த ஜெரோம் என் ஞானமகன். கோயில்ல ஞானஸ்நானம் குடுக்கிறப்போ அவனைக் கையில ஏந்தினவன் நான்தான். அப்பவே நல்ல கனம்.

சைகையெல்லாம் உங்களுக்கு எப்படித் தெரியும்னா? லலித் சொன்னான். நாங்க என்ன வெளியாளா டீச்சர்.

இப்பக் கேளுங்க. மேட்சுல ஊதுற பப்பரே பேண்ட் எல்லா ஊர்லயும் இருக்கு. டிரம்மத் தட்டுவானுங்க, கன்னம் வீங்க ஊதுவானுங்க, எதுக்கு ஊதுறோம்னு அவனுங்களுக்கே தெரியாது. எங்களோடது அப்படியில்ல. அறிவோட ஊதுறது. நிஸாமுக்குக் கல்யாண ஊர்வல மெட்டு. சுரங்கவுக்கு பைலா ஆட்டப் பாட்டு. ஜெரோமுக்கு மாதா தேர் இழுக்கிறப்போ வாசிக்கிற மெட்டு. நாங்க கோட்டுக்குப் பக்கத்துலதான் உக்காந்திருப்போம். லலித் கையப் பாப்பேன். கால்சட்டைய இழுத்தானா, பந்து அவன் கையை விட்டு வர்றதுக்கு முந்தியே தேர் மெட்டு கெளம்பிடும். ஒருத்தனுக்குப் பந்து வரப்போகுதுன்னா அவனுக்குண்டான மெட்டு மொதல்ல அவன் காதுல விழணும். அப்பத்தான் ரத்தம் சூடாகும், அப்பத்தான் கால் தரையை விட்டு எழும்பும். இதை நானே யோசிச்சுக் கண்டுபிடிச்சேன். இத்தனை சீசன்ல ஒரு தடவை, ஒரே ஒரு தடவை கூட மெட்டு மாறினதில்ல.

என்ன டீச்சர்? மத்த டீமுக்கும் கேக்காதான்னா? நல்லாக் கேக்கும். மைதானத்துக்கு அந்தப் பக்கம் பஸ் ஸ்டாண்ட் வரைக்கும் கேக்கும். நாங்க என்ன சும்மா பேருக்கா ஊதுறோம்.

இவ்வளவு இருந்தும் டீம் தோத்துச்சு. அதைத்தான் சொல்ல வர்றேன். சொந்த மைதானத்துல ஒரு லைன்அவுட் கூடத் தேறாது. எங்க ஜெரோம் எகிறுறப்போ அவனுக்கு முன்னாலயே எதிராளி ஒருத்தன் மேல நிப்பான். நிஸாமுக்கு எறிஞ்சா நிஸாமுக்கு முன்னால ஒருத்தன். பேய் அதிர்ஷ்டம் அவனுங்களுக்கு. வெளியூர்ல மட்டும் நம்ம பொடியங்க கொஞ்சம் ஜெயிச்சிட்டு வருவானுங்க. வெளியூருக்கு பேண்டைக் கூட்டிட்டுப் போக பஸ்ல எடம் இருக்காது. தொணைக்கு நாங்க இல்லையேன்னு பாவம், அவனுங்களே உசிரைக் குடுத்து ஆடியிருப்பானுங்க.

ஆனா ஒண்ணு சொல்லணும், மத்த ஊர்க்காரங்களுக்கு இருக்கிற ரசனை நம்மாளுங்களுக்குக் கெடையாது. மேட்ச் முடிஞ்சதும் ஜெயிச்ச டீம் கேப்டன் நேரா எங்கிட்டத்தான் வருவான். "அங்கிள், நீங்க இல்லாட்டி எங்களுக்கு இந்த மேட்சே இல்ல, அடுத்த வருஷமும் கட்டாயம் ஊதணும்"னு கையப் புடிச்சுக் கேப்பான். கொழும்பு ஹார்பர் கிளப் இருக்கே, அவங்க ஒரு நத்தார் பண்டிகைக்கு எங்க பேண்டுக்குப் புது டிரம்மே வாங்கி அனுப்பினாங்க. நம்ம கிளப் ஒரு குச்சி கூட வாங்கித் தந்ததில்ல. ஹார்பர் கோச் மூணு மெட்டையும் போன்ல பதிஞ்சு வெச்சிருக்கார்னு கேள்விப்பட்டப்போ எனக்குப் பெருமை தாங்கல. என் சம்சாரம் லூர்து மட்டும் மூஞ்சியத் தூக்கி வெச்சிக்கிட்டு, "தோக்கடிச்சவன் எதுக்கு டிரம் வாங்கித் தர்றான்"னு கேட்டா. பொம்பளைக்கு வெளையாட்டோட தர்மம் எங்க தெரியும். மன்னிக்கணும், உங்களைச் சொல்லல.

தோத்துத் தோத்து, இன்னும் ஒரு சீசன் இப்படிப் போனா ரெண்டாம் பிரிவுக்கு எறக்கிடுவாங்கங்கிற நெலமை. ரெண்டாம் பிரிவுன்னா தெரியுமா? நாலு மாடும் ஒரு ரெஃப்ரியும் இருக்கிற கிரவுண்ட். பழைய கோச்சை அனுப்பிட்டு பிஜியில இருந்து ஒருத்தரைக் கொண்டு வந்தாங்க. பேர் எரோனி. ஆள் கதவு நெலை அளவு இருப்பார். பேச்சு கொஞ்சம், அதுவும் மெதுவா.

எங்க சபை கூடுறது சலீம் நானா ஹோட்டல்ல. நானா கல்லாவுல இருந்துக்கிட்டே பேசுவார். போஸ்ட் மாஸ்டரா இருந்து ரிட்டயர் ஆன குணரத்தினம் ஐயா ஒரு கப் பிளேன்டிய வெச்சிக்கிட்டு ரெண்டு மணி நேரம் பேசுவார். நடுவுல நான். இந்த மூணு பேர் சம்மதிக்காம அந்த டீம்ல ஒருத்தன் மூக்குச் சிந்தவும் கூடாதுங்கிறது எங்க அபிப்பிராயம்.

புதுக் கோச் வந்த மொத வாரமே எட்டுப் பேரை வீட்டுக்கு அனுப்பிட்டார். அதுக்குப் பதிலா எஸ்டேட் லயத்து வீடுகள்ல இருந்து பொடியங்களைப் பொறுக்கி எடுத்தார், கொழுந்து மூட்டையோட மேட்டுல ஓடுறவனுங்க. மேட்சுக்கு முந்தின நாள் கொத்து ரொட்டி கூடாதுன்னார். இது ரெண்டாவது உத்தரவு, சலீம் நானாவுக்கு நேராவே விழுந்த அடி.

"வெளிநாட்டுக்காரன் எல்லாம் இப்படித்தான்," நானா சொன்னார். "மூணு மாசம் நம்மளைப் படம் புடிப்பான், அப்புறம் வயித்தால போகும், பிளேன் ஏறிடுவான். கொத்து திங்காம எவன்டா இந்த ஊர்ல ஓடினது?"

"புதுசாக் கட்டுறதுன்னா பழசை இடிக்கத்தான் வேணும்," குணரத்தினம் ஐயா சொன்னார். "மூணு வருஷம் குடுக்கணும். உடனே பலன் கேக்கக் கூடாது."

"உங்களுக்கு எழுபத்தொம்பது வயசு. மூணு வருஷத்துக்கு யாரு ஜாமீன்?" நானா கேட்டார்.

"நான் டீமைச் சொன்னேன், என்னைச் சொல்லல."

நான் நடுநிலையா இருந்தேன். "மனுஷனுக்குக் கலை தெரிஞ்சிருந்தா நம்மாளு, தெரியலைன்னா பாத்துக்கலாம்"னு சொன்னேன். அடுத்த ஞாயிறே அதுக்குப் பதில் வந்துச்சு. எங்க கோயிலுக்குப் பூசைக்கு வந்தார். பாட்டு எடுத்தார் பாருங்க, கூரைத் தகரம் அதிர்ந்துச்சு. ஃபாதர் பிரசங்கத்தை மறந்துட்டார். கேட்டா, அவங்க ஊர்ல கைக்கொழந்தை கூட நாலு குரல்ல பாடுமாம். எனக்குக் கண்ணுல தண்ணி. இவர் போதும், இவர் கையில டீமை ஒப்படைக்கலாம்னு அன்னைக்கே சலீம் நானாகிட்ட சொல்லிட்டேன்.

ஆழம் தெரியாமக் காலை விட்டேன் டீச்சர்.

மொத ஹோம் மேட்ச். கோச் டீமோட பெஞ்சுல உக்காரல. எங்க பேண்டுக்குப் பக்கத்துல வந்து உக்காந்தார். எனக்கு எப்படி இருந்திருக்கும்னு நெனைச்சுப் பாருங்க. உசிரைக் குடுத்து ஊதினேன். மனுஷன் மைதானத்தைப் பாக்கவே இல்ல. கண்ண மூடிக்கிட்டு மெட்டோடவே தலையாட்டுறார். ரெண்டாவது பாதியில அவரே வாய்க்குள்ள முனக ஆரம்பிச்சிட்டார். கல்யாண மெட்டு கெளம்பினதும் "நிஸாம்"னார். பைலா வந்ததும் "சுரங்க"ன்னார். தேர் மெட்டுக்கு "ஜெரோம்." ஒண்ணு கூடத் தப்பல. அது வரைக்கும் இருந்த கோச்சுங்களுக்குத் தேர் மெட்டுக்கும் பஸ் ஹாரனுக்கும் வித்தியாசம் தெரியாது. இவர் ஒரே நாள்ல மூணையும் புடிச்சிட்டார். எழுந்திரிச்சுக் கட்டிப் புடிச்சுக்கலாம்போல இருந்துச்சு.

மேட்ச் தோத்துட்டோம். கோச் ரெண்டு கையாலயும் மூஞ்சியப் பொத்திக்கிட்டு உக்காந்திருந்தார். அழறாரோன்னு நெனைச்சேன். அப்புறம் எங்கிட்டத் திரும்பி, "மாஸ்டர், நாளையில இருந்து பேண்ட் வேணாம்"னார்.

ஏன்னு கேட்டேன். எனக்கு இங்கிலீஷ் நல்லாவே வரும்.

"நீங்க ஊதினா பந்து யாருக்கு வருதுன்னு அவங்களுக்குத் தெரிஞ்சிடுது."

நான் சிரிச்சிட்டேன். கொழும்புப் பொடியங்க காதுல எந்நேரமும் இங்கிலீஷ் பாட்டு, அவனுங்களுக்கு நம்ம மாதா தேர் மெட்டு எப்படித் தெரியும்? பாட்டைக் கேட்டுப் பந்து புடிக்கலாம்னா ஆளாளுக்கு ரேடியோவைக் கட்டிக்கிட்டுல்ல ஆடணும்? பொறுமையாத்தான் எடுத்துச் சொன்னேன். அவரும் மறுபடியும் சொன்னார். விரல் விட்டு எண்ணிச் சொன்னார், மண்ணுல கோடு போட்டுச் சொன்னார். ஆடத் தெரியாதவ மேடை கோணல்னாளாம். தோத்ததுக்கு டீமைச் சொல்ல வக்கில்ல, டிரம்பெட்டைச் சொல்றார். பொறாமை டீச்சர். அந்தக் குரலை வெச்சிக்கிட்டு அவருக்கு இன்னொருத்தன் ஊதுறது பொறுக்கல.

கமிட்டி அவர் பக்கம் நின்னுச்சு. பேண்டை உள்ள விடல.

அடுத்த மேட்ச் அன்னைக்கு நான் வீட்டுல இருந்தேன். எங்க வீட்டு ஜன்னலுக்கு மைதானத்துச் சத்தம் வரும். விசில் வந்துச்சு, கூச்சல் வந்துச்சு. எங்கயோ ஒரு லைன்அவுட் நடக்குது, என் ஞானமகன் மெட்டு இல்லாம எகிறுறான். டிரம்பெட்டை எடுத்து உதட்டுல வெச்சேன். ஊத முடியல. அழுதேன். சொல்றதுக்கு என்ன வெக்கம், நல்லா அழுதேன். முப்பது வருஷம் ஊருக்கெல்லாம் ஊதினவன், ஒருத்தனும் தேடி வந்து ஏன் வரலைன்னு கேக்கல. லூர்து பக்கத்துல வந்து உக்காந்தா. ஜன்னல் பக்கம் காதைக் குடுத்துட்டு, "ஜெயிச்சிட்டாங்க போல"ன்னா. அந்த நேரத்துல அவ அதைச் சொல்லியிருக்க வேணாம்.

ஜெயிச்சாங்கதான். அதுக்கடுத்ததும் ஜெயிச்சாங்க. சலீம் நானா ஹோட்டல்ல காத்து அப்படியே மாறிடுச்சு.

"நான் அன்னைக்கே சொன்னேன், மனுஷன்கிட்ட சரக்கு இருக்குன்னு," நானா சொன்னார்.

"நீங்க சொன்னது வயித்தால போகும்னு," நான் சொன்னேன்.

"அது வேற விஷயம். தைரியநாதா, உண்மையச் சொல்லு, இப்ப லைன்அவுட் எல்லாம் நமக்குத்தானே வருது?"

"எதிரி டீம் சரியில்ல. மழை வேற."

குணரத்தினம் ஐயா பிளேன்டியக் கீழ வெச்சார். "தைரியநாதன், கோவிச்சுக்காதீங்க. நீங்க இருந்தப்போ தோத்தோம். இப்ப நீங்க இல்ல."

"நீங்களும்தான் ரிட்டயர் ஆனீங்க. தபால் இப்பவும் லேட்டாத்தானே வருது?" நான் கேட்டேன். மனுஷன் ஒரு வாரம் எங்கூடக் கதைக்கல.

இருந்தாலும் சீசனோட தொடக்கத்துல, புதுப் பொடியங்க பழகுறதுக்கு முந்தி, அடுத்தடுத்துத் தோத்த தோல்வி இருக்கே, அது எங்க போகும். கடைசியில கணக்கு எங்க வந்து நின்னுச்சுன்னா, கடைசி மேட்ச் ஹார்பர் கிளப்போட, எங்க மைதானத்துல. தோக்குறவன் ரெண்டாம் பிரிவுக்கு. ஜெரோமுக்கும் அதுதான் கடைசி மேட்ச். முழங்கால் போயிடுச்சு, வயசும் முப்பத்தாறு. ஹார்பர்காரங்க வர்றதுக்கு முந்தியே எனக்கு ஆள் விட்டு விசாரிச்சாங்க, பேண்ட் இருக்குமா இருக்காதான்னு. பாருங்க, அந்த மரியாதை.

அந்த வெள்ளிக்கெழமை கோச்சே என் வீட்டுக்கு வந்தார். வாசல்ல குனிஞ்சு உள்ள வந்தார். "மாஸ்டர், நாளைக்கு நீங்க ஊதணும்"னார்.

ஒடனே ஒத்துக்கல. நம்ம மதிப்பை நாமதான் காப்பாத்தணும். டீ குடிச்சு முடிக்கிற வரைக்கும் யோசிக்கிற மாதிரி இருந்தேன்.

"ஒரே ஒரு நிபந்தனை," அவர் சொன்னார். "லலித் கையப் பாக்காதீங்க. என் கையப் பாருங்க. ஒரு விரல் காட்டினா நிஸாம் மெட்டு, ரெண்டு காட்டினா சுரங்க, மூணு காட்டினா ஜெரோம். ஏன்னு மட்டும் கேக்காதீங்க. அதை என்னால இன்னொரு தடவை சொல்ல முடியாது."

சரின்னேன். அவருக்கும் ஒரு கௌரவம் வேணுமில்ல.

மேட்ச் தொடங்கிச்சு. நாங்க உள்ள போனதுமே ஹார்பர் டீம் எங்களைப் பாத்துக் கை தட்டினாங்க. மொத லைன்அவுட். லலித் காதைச் சொறியிறான். நிஸாமுக்குப் பந்து. நான் கோச்சைப் பாத்தா, மனுஷன் மூணு விரலைக் காட்டுறார். ஐயோ பாவம், இத்தனை மாசமா இந்த டீமோட இருந்தும் சைகை தெரியல அவருக்கு. என்ன பண்றது, ஒத்துக்கிட்டாச்சு. தேர் மெட்டை ஊதினேன். ஜெரோம் எகிறினான், ஹார்பர்காரன் மொத்தமும் ஜெரோம் மேலயே பாஞ்சான். பந்து நேரா நிஸாம் கைக்குப் போயிடுச்சு. பக்கத்துல ஒரு ஈ காக்கா இல்ல.

ரெண்டாவது தடவை லலித் மூக்கைத் தொடைக்கிறான், கோச் மறுபடியும் மூணு விரல். தேர் மெட்டு. ஜெரோம் வெறுங்கையோட எகிறுறான், பந்து சுரங்கவுக்கு. இப்படியே போச்சு. தப்புத் தப்பா மெட்டுப் போட்டும் நம்ம பொடியங்க பந்தை விடல, அந்த அளவுக்குப் பயிற்சி. ஹார்பர்காரங்களோட அதிர்ஷ்டமும் அன்னைக்குக் கைவிட்டுடுச்சு. போகப் போக அவனுங்க எங்களைப் பாத்து மொறைக்க ஆரம்பிச்சானுங்க. தோக்குறப்போத்தான் மனுஷன் கொணம் தெரியும்.

ஏன் டீச்சர் சிரிக்கிறீங்க? புள்ளைங்க எழுதினதா. சரி சரி.

ஆனா என் பேர் என்ன ஆகும்? எல்லாரும் நெனைப்பாங்க, தைரியநாதனுக்கு வயசாயிடுச்சு, மெட்டு மாறுதுன்னு. அது கூடப் பரவாயில்ல. என் ஞானமகன் கடைசி மேட்ச் ஆடுறான். அவன் மெட்டை ஊதி ஊதி அவனை எகிற வெச்சு, ஒரு பந்து கூட அவனுக்கு வரல. பொய் மெட்டுக்கு அவனைக் குதிக்க வெக்கிறேன், நானே. முழங்கால்ல துணியைக் கட்டிக்கிட்டு நொண்டி நொண்டி வரிசைக்கு வர்றான். ஒரு தடவை இந்தப் பக்கம் திரும்பி என்னைப் பாத்தான். என்னால அவனைப் பாக்க முடியல.

கடைசி நிமிஷம். நாங்க நாலு பாயின்ட் பின்னால. ஹார்பர் கோட்டுக்குப் பக்கத்துலயே ஒரு லைன்அவுட் கெடைச்சிச்சு. பந்தைப் புடிச்சுக் கோட்டைத் தாண்டி விழுந்தா ஜெயிச்சோம், இல்லைன்னா மாட்டுக் கிரவுண்ட். லலித் கால்சட்டைய மேல இழுத்து விட்டான்.

ஜெரோமுக்கு. கடைசிப் பந்து, ஜெரோமுக்கு.

கோச்சைப் பாத்தேன். ஒரு விரல் காட்டுறார். நிஸாம் மெட்டாம். மறுபடியும் தப்பு. எனக்குள்ள என்னமோ அறுந்துச்சு டீச்சர். அந்தப் புள்ளை சின்ன வயசுல இருந்து ஆடின ஆட்டத்துக்கு இதுதான் கடைசிப் பந்து, அது கூட அவன் மெட்டு இல்லாம வரணுமா? ஒரு மனுஷன் செத்தாக் கூட அவனுக்குண்டான பாட்டோடதானே தூக்குறோம். கமிட்டியும் வேணாம், கோச்சும் வேணாம், நாளைக்கு இந்த மைதானத்துக்குள்ளயே விடாட்டியும் போகட்டும். கண்ண மூடிக்கிட்டுத் தேர் மெட்டை எடுத்தேன். அப்படி ஒரு ஊது நான் எந்தத் திருநாளுக்கும் ஊதினதில்ல.

கோச் "நோ"ன்னு கத்தினது கேட்டுச்சு.

கண்ணைத் தொறந்தா, ஹார்பர்காரன் ஒருத்தன் கூட ஜெரோம் பக்கம் இல்ல. எல்லாரும் முன்னாலயும் நடுவுலயும் பாஞ்சிட்டானுங்க. ஜெரோம் மட்டும் தனியா, மேல, ரெண்டு கையிலயும் பந்தோட, கோயில் சுரூபம் மாதிரி நிக்கிறான். அப்படியே எறங்கி, திரும்பி, கோட்டுக்கு அந்தப் பக்கம் விழுந்தான். ட்ரை, அஞ்சு பாயின்ட்.

ஜெயிச்சோம். ஹார்பர் கிளப் ரெண்டாம் பிரிவுக்குப் போச்சு.

கோச் ஓடி வந்தார். அடிக்கத்தான் வர்றார்னு டிரம்பெட்டைப் பின்னால ஒளிச்சேன். மனுஷன் என்னை அப்படியே தூக்கிட்டார். "நீங்க நரி மாஸ்டர், நரி"ன்னார். "இத்தனை பொய்க்கு அப்புறம் உண்மையச் சொன்னா அவங்க நம்ப மாட்டாங்கன்னு எனக்கே தோணல. எப்படி யோசிச்சீங்க?"

"நான் என்னைக்கும் உள்ளதைத்தான் ஊதுவேன்"னு சொன்னேன். அவர் வயித்தைப் புடிச்சுக்கிட்டுச் சிரிச்சார். எதுக்குச் சிரிச்சார்னு இன்னைக்கு வரைக்கும் எனக்கு வெளங்கல. அவங்க ஊர் வழக்கமோ என்னவோ.

அதுக்கப்புறம் என் மதிப்பே வேற. சலீம் நானா கொத்து ரொட்டிய இலவசமாப் போட்டார். குணரத்தினம் ஐயா, "இசையின் பலம் அப்படி"ன்னு கூட்டத்துல பேசினார். கமிட்டியில எனக்கு ஒரு நாற்காலி குடுத்தாங்க. இந்த சீசன் தொடங்கினப்போ கோச் மறுபடியும் விரல் கதையை ஆரம்பிச்சார். நான் எழுந்திரிச்சு நின்னு ஒரே கேள்விதான் கேட்டேன்: "பொய் மெட்டுப் போட்டப்போ ட்ரை வந்துச்சா, உண்மை மெட்டுப் போட்டப்போ வந்துச்சா?" கோச் மறுபடியும் விரலை நீட்ட ஆரம்பிச்சார். கமிட்டி ஏகமனதா என் பக்கம். மெட்டு விஷயத்துல பேண்ட் மாஸ்டர் சொல்றதுதான் முடிவுன்னு தீர்மானம் போட்டோம்.

ஊதினோம். உள்ளதை உள்ளபடி ஊதினோம். சொந்த மைதானத்துல அத்தனை மேட்ச்சும் தோத்தோம்.

அப்போ ஊரே சொல்லிச்சு, கோச் சரியில்லைன்னு. சலீம் நானா, "அவன் வந்த அன்னைக்கே நான் சொன்னேன்"னார். குணரத்தினம் ஐயா, மூணு வருஷம் குடுக்கணும்னு சொன்னது பழைய கோச்சைத்தான்னார். கோச்சை மாத்தணும்னு தீர்மானத்தைக் கொண்டு வந்தவன் நான்தான். மனசு கஷ்டமாத்தான் இருந்துச்சு, ஆனா டீம்னு வந்துட்டா சொந்தம் பந்தம் பாக்க முடியாது.

எரோனி போயிட்டார். கோயில்ல இப்ப பாட்டு ஒரு மாதிரி வெறிச்சோடிக் கெடக்கு. ஜெரோமை அவருக்குத் தொணைக் கோச்சா வெச்சிருந்தாங்க. அவனும் கூடவே வேலைய விட்டுட்டான். வேலைய விடுறதுக்கு மொத நாள் வீட்டுக்கு வந்து, "ஞானப்பா, ஒரு சீசன் மட்டும், எனக்காக, ஊதாம இருங்க"ன்னு கேட்டான். யாருக்காகக் கமிட்டி, கோச் எல்லாத்தையும் மீறி ஊதினேனோ அவனே வந்து கேக்குறான். வெளிய போடான்னுட்டேன். இந்த ஈஸ்டருக்கு அவன் வீட்டுக்கு வரல. லூர்து அவனுக்குன்னு பங்கை எடுத்து வெச்சா, அப்புறம் அதை நாய்க்குப் போட்டா. அது ஒண்ணுதான் டீச்சர் நெஞ்சுல நிக்கிது, முள்ளு மாதிரி. அந்தக் கோச்சுதான் அவன் மனசைக் கெடுத்துட்டுப் போயிட்டார். தோத்துட்டுப் போனவன் சும்மா போகாம என் புள்ளையையும் கொண்டு போயிட்டான்.

போகட்டும். டீமைப் புதுசாக் கட்டி எழுப்பணும். நாளைக்குக் கொழும்புல மூணு பேரைக் கூப்பிட்டிருக்கோம், புதுக் கோச் வேலைக்கு. அவங்களைப் பாத்து ஒருத்தரைத் தேர்ந்தெடுக்கிற பொறுப்பைக் கமிட்டி எங்கிட்டதான் குடுத்திருக்கு. ஓட்டத்தைப் பத்திக் கேளுங்க, சாப்பாட்டைப் பத்திக் கேளுங்கன்னு ஆளாளுக்குச் சொல்லி அனுப்பினாங்க. அதெல்லாம் நான் கேக்கப் போறதில்ல. மூணு மெட்டையும் ஒண்ணு மாத்தி ஒண்ணு ஊதிக் காட்டுவேன். எது எதுன்னு வித்தியாசம் தெரியுதான்னு கேப்பேன். தெரியுதுன்னு சொல்றவனுக்கு ஒரு டீய வாங்கிக் குடுத்து அனுப்பிடுவேன்.

"எல்லாம் ஒரே சத்தமாத்தானே இருக்கு"ன்னு எவன் சொல்றானோ, அவன்தான் எங்க கோச்.